ஒரே பைபிள் போதும் என்பவர்களுக்கு ஒரு மறுப்பு

பழைய மொழிபெயர்ப்பு ஒன்றுதான் வேதம், பின்னால் வந்ததெல்லாம் மனிதர் கைவைத்துக் கெடுத்தது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துச் சபைகளில் இந்தப் பேச்சைக் கேட்காமல் இருப்பது கடினம். பிரசங்கத்தில் சொல்கிறார்கள். வீட்டு ஜெபக்கூட்டத்தில் சொல்கிறார்கள். புதிதாக ஞானஸ்நானம் எடுத்தவர் எந்த பைபிள் வாங்கலாம் என்று கேட்டால் முதல் பதிலும் இதுவே. நீக்கப்பட்ட வசனங்கள் என்று ஒரு பட்டியல் கைபேசிக்குக் கைபேசி தாவிக்கொண்டே இருக்கிறது. பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தைக் கையில் வைத்திருப்பவரிடம் ‘இது ஆர்.சி. பைபிள் இல்லையா?’ என்று கேட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வதும் நடக்கிறது.

இதைச் சொல்கிறவர்கள் வேதத்தை அலட்சியம் செய்கிறவர்கள் இல்லை. விடியுமுன் எழுந்து முழங்காலில் நின்று வாசிக்கிறவர்கள். சங்கீதங்களைப் புத்தகம் பாராமல் சொல்லக்கூடிய பாட்டிமார் அவர்களில் உண்டு. கையில் இருக்கும் பொக்கிஷம் குறைந்துவிடுமோ என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் வேதத்தின் மீதுள்ள நேசத்தின் பெயராலேயே வேதத்தை விளங்கிக்கொள்ளும் வழி அடைபடும்போது பேசாமல் இருக்க முடியாது. நான் சொல்ல வருவது இது: ஆராதனைக்கும் மனப்பாடத்துக்கும் பழைய மொழிபெயர்ப்பு இருக்கட்டும், நன்றாக இருக்கட்டும். தனியே உட்கார்ந்து படித்துப் பொருள் தேடுகிறவருக்கு அது மட்டும் போதாது. குறைந்தது இரண்டு மொழிபெயர்ப்புகள் வேண்டும். அவற்றில் ஒன்று நம் காலத்தில் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும்.

முதலில், பழையது என்கிறோமே, அது எவ்வளவு பழையது? இன்று நம் சபைகளில் வாசிக்கப்படும் வேதாகமம் ஹென்றி பவர் தலைமையில் ஒரு குழு செய்த ஐக்கிய மொழிபெயர்ப்பு. புதிய ஏற்பாடு 1863இல் வெளிவந்தது, முழு வேதாகமம் 1871இல். பல மிஷன் சங்கங்கள் ஒன்றுகூடிச் செய்ததால் ஐக்கியம் என்ற பெயர் வந்தது. கால்டுவெல்லும் அந்தக் குழுவில் இருந்தார். பவருக்குத் துணையாயிருந்த தமிழறிஞர் முத்தையா பிள்ளை. இதே இருவரும் 1868இல் சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தை அச்சில் கொண்டுவந்தார்கள் என்பதை நம் சபையாரில் அறிந்தவர் மிகச் சிலர். வேதாகமத்தைத் திருத்திய கை சமண காவியத்தையும் பதிப்பித்திருக்கிறது. தமிழை அவ்வளவு ஆழமாகக் கற்றால்தான் வேதத்தைத் தமிழில் சொல்ல முடியும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அவர்கள் வெற்றுத்தாளில் தொடங்கவில்லை. தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1715இல் அச்சிட்டு முடித்தார். இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அது. பழைய ஏற்பாட்டில் ரூத் வரை வந்து, 1719இல், நாற்பது வயதுகூட ஆகாமல் இறந்தார். மீதியை பெஞ்சமின் ஷூல்ட்சே 1728க்குள் முடித்து அச்சேற்றினார். பிறகு பப்ரிசியஸ் எல்லாவற்றையும் புதிதாகச் செய்தார். அவருடைய புதிய ஏற்பாடு 1772இல் வேப்பேரியில் அச்சானது. அதன்பின் பாளையங்கோட்டையில் ரேனியஸ். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியார் ஆறுமுக நாவலரைத் துணைகொண்டு செய்த மொழிபெயர்ப்பு 1850இல் வந்தது. சென்னையில் அதை ஏற்கவில்லை. இத்தனைக்கும் பிறகு, பப்ரிசியஸை அடித்தளமாக வைத்துப் பவர் குழு செய்த திருத்தம்தான் நாம் பழையது என்று சொல்வது. அதாவது அது ஒரு புதிய திருத்தமாகப் பிறந்தது.

கடவுளின் பெயரையே பாருங்கள். சீகன்பால்கு சருவேசுரன் என்று எழுதினார். பப்ரிசியஸ் பராபரன் என்று எழுதினார். பவர் குழு தேவன் என்று மாற்றியது. பராபரன் என்று ஜெபித்து வளர்ந்த ஒரு தஞ்சாவூர்க் கிறிஸ்தவருக்கு, தேவன் என்று அச்சிட்ட புத்தகம் எப்படி இருந்திருக்கும்? இன்று நம் சபையாருக்குக் கடவுள் என்று அச்சிட்ட புத்தகம் எப்படி இருக்கிறதோ அப்படித்தான். தஞ்சாவூர்க் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் ரேனியஸின் திருத்தத்தை எதிர்த்து எழுதினார்; பப்ரிசியஸின் வசனத்தில் ஊறியவர் அவர். லுத்தரன் சபைகள் ஐக்கிய மொழிபெயர்ப்பை ஏற்காமல் இருபதாம் நூற்றாண்டு பிறந்த பின்னும் பப்ரிசியஸையே வைத்திருந்தன. இன்று ஐக்கிய மொழிபெயர்ப்புக்காக வைக்கப்படும் ஒவ்வொரு வாதமும் அன்று ஐக்கிய மொழிபெயர்ப்புக்கு எதிராக வைக்கப்பட்டது. முன்னோர்கள் அந்த வாதத்துக்கு இணங்கியிருந்தால், இன்று நாம் காக்கத் துடிக்கும் இந்தப் புத்தகமே நம் கைக்கு வந்திருக்காது.

இதில் நம் மண்ணுக்குத் தனிப் பங்கு உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா 1910இல் ராமநாதபுரம் மாவட்டம் உருவாகும் வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. ரேனியஸ் 1820 முதல் 1838இல் இறக்கும் வரை வாழ்ந்து உழைத்தது அதே மாவட்டத்தில். திருப்பாற்கடல்நாதன் கவிராயரிடம் ஆண்டுக்கணக்கில் தமிழ் படித்தவர் அவர். 1827இல் வேத மொழிபெயர்ப்பின் நெறிகளைப் பற்றித் தனியாக ஒரு நூலே எழுதினார். மூலத்தின் சொல்லமைப்பை அப்படியே இழுத்துவந்து தமிழில் போட்டால் தமிழருக்கு விளங்காது, தமிழின் போக்கில் சொல்ல வேண்டும் என்பது அவர் கட்சி. புதிய மொழிபெயர்ப்புகள் வெளியூர்க்காரர் கொண்டுவந்த நவீனக் கோளாறு என்று நினைக்கிறவர்கள், இந்த விவாதம் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே பாளையங்கோட்டையில் நடந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி அந்தப் பட்டியலுக்கு வருகிறேன். மத்தேயு 17:21, யோவான் 5:4, அப்போஸ்தலர் 8:37, 1 யோவான் 5:7. புதிய மொழிபெயர்ப்புகளில் இவை அடிக்குறிப்புக்குப் போயிருக்கும், அல்லது அடைப்புக்குறிக்குள் இருக்கும், அல்லது எண் மட்டும் இருந்து வசனம் இராது. யாரோ வெட்டி எடுத்துவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. இதற்குப் பதில் சொல்லாமல் சிரித்துவிட்டுப் போகிறவர்கள் தவறு செய்கிறார்கள். கேள்வி நியாயமானது, பதிலும் இருக்கிறது.

அச்சு வருமுன் வேதம் கையால் எழுதப்பட்டே பரவியது. எழுதும்போது ஓரக்குறிப்பு உள்ளே நுழைவதும், ஒரு சுவிசேஷத்தின் வரி இன்னொன்றில் சேர்வதும் நேர்ந்தன. 1516இல் எராஸ்மஸ் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது அவர் கையில் இருந்தவை காலத்தால் பிந்திய சில பிரதிகளே. 1 யோவான் 5:7இல் பரலோகத்துச் சாட்சிகள் மூவரைச் சொல்லும் பகுதி அவருடைய முதல் பதிப்பில் இல்லை, 1519இன் இரண்டாம் பதிப்பிலும் இல்லை. லத்தீன் வேதாகமத்தில் இருக்கிறதே என்று எதிர்ப்பு வந்தபின், 1522இன் மூன்றாம் பதிப்பில் சேர்த்தார். பழைய கிரேக்கப் பிரதிகள் எவற்றிலும் அது கிடையாது. அந்த அச்சுப் பாடம்தான் நூற்றாண்டுகளாக ஐரோப்பிய மொழிபெயர்ப்புகளுக்கு அடிப்படை ஆயிற்று. அதன் வழியே நம் தமிழ் வேதாகமத்துக்குள்ளும் வந்தது.

நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய்ப் பிரதியின் பெரும்பகுதியை டிஷென்டார்ஃப் கண்டெடுத்தது 1859இல். அது அச்சில் வந்தது 1862இல். பவர் குழுவின் புதிய ஏற்பாடு 1863இல் முடிந்தது. அதுபோன்ற மூத்த பிரதிகளை ஆராய்ந்து எடைபோட்டு ஆங்கிலத் திருத்தம் வெளிவந்ததே 1881இல்தான். சவக்கடல் சுருள்கள் கிடைக்கத் தொடங்கியது 1947இல். அதற்கு முன் நம்மிடம் இருந்த எபிரெயப் பிரதிகளைவிட ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு மூத்த ஏசாயாச் சுருள் அவற்றில் இருந்தது. பவர் குழுவினர் தங்கள் காலத்தில் கிடைத்ததை வைத்து உண்மையாக உழைத்தார்கள். கிடைக்காததை அவர்கள் பார்க்கவில்லை என்பது அவர்கள் குற்றமில்லை. கிடைத்த பின்பும் பார்க்க மாட்டோம் என்பது நம் குற்றம்.

கூட்டாதே, குறைக்காதே என்று வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசியில் வரும் எச்சரிக்கையை இந்த இடத்தில் ஓங்கிச் சொல்வார்கள். அந்த எச்சரிக்கை இரண்டு பக்கமும் வெட்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். யோவான் எழுதாத ஒன்றை யோவான் பெயரில் வைத்திருப்பதும் கூட்டுவதுதான். வேதத்துக்கு நடுங்குகிறவர்களுக்குக் கூட்டியதைக் கண்டும் அதே நடுக்கம் வர வேண்டும். திரித்துவ உபதேசம் அந்த ஒரு வரியில் தொங்கவும் இல்லை. அந்த வரி இல்லாத பிரதிகளை வாசித்த சபைப் பிதாக்கள்தான் நான்காம் நூற்றாண்டில் அந்த உபதேசத்தை வகுத்தார்கள். அடிக்குறிப்பில் இடம்பெறும் வசனம் ஒளித்துவைக்கப்பட்ட வசனமும் இல்லை. சில பிரதிகளில் இருக்கிறது, மூத்த பிரதிகளில் இல்லை என்று வாசகரிடம் நேர்மையாகச் சொல்வதற்குத்தான் அடிக்குறிப்பு. அந்த நேர்மையைத் துரோகம் என்று பெயரிட்டு அழைப்பது எனக்கு வேதனை தருகிறது.

ஆர்.சி. பைபிள் என்ற ஒதுக்கலும் இதே ரகம். 1995இல் வெளிவந்த திருவிவிலியம், திண்டிவனத்து விவிலிய நடுநிலையமும் இந்திய வேதாகமச் சங்கமும் கைகோத்து, கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து, எபிரெயம், அரமேயம், கிரேக்கம் ஆகிய மூலங்களிலிருந்து செய்த பொது மொழிபெயர்ப்பு. பிரிந்த சகோதரர்களோடு சேர்ந்தும் மொழிபெயர்க்கலாம் என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கதவைத் திறந்தது. அந்தக் கதவு வழியே தமிழில் வந்த பெரிய கொடை அது. தள்ளுபடி ஆகமங்கள் இருக்கின்றனவே என்பார்கள். அவற்றைத் தமிழில் அச்சிட்டதும் தரங்கம்பாடி லுத்தரன் மிஷன்தான். ஷூல்ட்சேயின் பதிப்பில் 1728இலேயே அவை இருந்தன. அவற்றை வேதமாக ஏற்காதவர் அந்தப் பக்கங்களைப் புரட்டாமல் விடலாம். ரோமருக்கு எழுதிய நிருபத்தை அதற்காக ஏன் விட வேண்டும்?

பழைய மொழிபெயர்ப்பு மட்டும் படிப்பதால் பொருள் எங்கே தவறிப்போகிறது என்று கேட்பவர்களுக்கு நம் தாலுகாவிலிருந்தே ஒரு சொல்லைக் காட்டுகிறேன். ஜாதி. மூலத்தில் மக்களினம், நாட்டினர் என்று பொருள்படும் சொல் வரும் இடங்களில் பவர் குழு ஜாதி என்று போட்டது. மத்தேயுவின் கடைசிக் கட்டளையிலும், ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்குத்தத்தத்திலும், பேதுருவின் முதல் நிருபம் இரண்டாம் அதிகாரத்திலும் அந்தச் சொல் நிற்கிறது. அன்று அது பிழையில்லை. இனம், வகை என்ற பரந்த பொருளும் அப்போது அதற்கு இருந்தது. இன்று தென்மாவட்டத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்குப் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் வைத்ததற்காக இந்த வட்டாரம் எப்படிப் பற்றி எரிந்தது என்பது இங்கே நடுவயதில் இருக்கும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதன் பிறகே மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த தலைவர்களின் பெயர்களை அரசு நீக்கியது. இந்த வட்டாரத்தில் வளரும் பதினான்கு வயதுப் பிள்ளை, பேதுரு விசுவாசிகளைப் பரிசுத்தமான ஒரு ஜாதி என்று அழைப்பதாக வாசிக்கும்போது என்ன புரிந்துகொள்ளும்? தெருவுக்குத் தெரு பிரித்துவைக்கும் ஒன்றை ஆண்டவரே ஏற்படுத்தினார் என்று நினைத்தால் அது பிள்ளையின் பிழையா? பக்கத்தில் இன்னொரு மொழிபெயர்ப்பு திறந்திருந்தால், மக்களினம் என்ற சொல்லைக் கண்டு அந்தப் பிள்ளை நின்று யோசிக்கும், கேள்வி கேட்கும். பேதுரு சொல்வது பிறப்பால் வந்த பிரிவை மீறிய புதிய மக்களை என்பது அப்போதுதான் வெளிச்சத்துக்கு வரும். இந்தச் சபைகளுக்குள்ளேயே ஜாதி பார்த்துப் பெண் கொடுக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. அதைக் கண்டிக்க வேண்டிய வசனமே அதை ஆதரிப்பதுபோல் ஒலிப்பதைச் சும்மா விடலாமா?

மரியாதைப் பன்மையிலும் இதே கதைதான். பழைய மொழிபெயர்ப்பில் பேதுருவும் பவுலும் அவன். இயேசுவின் தாயும் அவள். அன்றைய உரைநடை வழக்கு அப்படி. இன்று நம் வீட்டில் அடுத்த வீட்டு அம்மாவைக்கூட அப்படிப் பேசுவதில்லை. திருவிவிலியத்தில் சமாரியப் பெண் கிணற்றடியில் பேசும் பகுதியை மரியாதைப் பன்மையோடு வாசிக்கும்போது, இயேசு அவரோடு நடத்திய உரையாடலின் கனமே வேறாகத் தெரிகிறது. வேதத்தில் அந்தப் பெண்ணின் மதிப்பு ஏறிவிடவில்லை. இருந்த மதிப்பு நம் காதுக்கு இப்போதுதான் எட்டுகிறது.

இந்த ஊர்களில் யார் வேதம் படிக்கிறார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். ராஜபாளையத்தில் பஞ்சாலையில் ஷிஃப்ட் முடித்து வருகிறவர்கள், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறியில் வேலை செய்கிறவர்கள். வீட்டில் தெலுங்கு பேசி, பள்ளிக்கூடப் புத்தகத்தின் வழியாகவே தமிழ் எழுத்துநடையைப் பழகியவர்கள் இங்கே பல சமூகங்களில் உண்டு. மூத்த மகனுக்குரிய உரிமையைக் குறிக்கும் சேஷ்டபுத்திரபாகம் என்ற சொல் அவர்களுக்கு எந்தப் பள்ளியிலும் சொல்லித்தரப்படவில்லை. உக்கிராணக்காரர் என்று படித்தால், கோபக்காரர் போலும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். களஞ்சியத்தைப் பொறுப்பாகக் காப்பவர் என்று விளங்குவதில்லை. எபேசியர் முதல் அதிகாரத்தில் மூன்றாம் வசனம் முதல் பதினான்காம் வசனம் வரை கிரேக்கத்தில் ஒரே வாக்கியம். பழைய மொழிபெயர்ப்பில் அதைச் சத்தமாக வாசித்தால் கம்பீரமாக இருக்கிறது. யார் யாருக்கு எதைச் செய்தார் என்று கேட்டால் பதில் வருவதில்லை. பரிசுத்த ஆவியானவர் விளங்கப்பண்ணுவார் என்று சொல்லி இதைத் தாண்டிப்போகிறார்கள். பெந்தெகொஸ்தே நாளில் ஆவியானவர் செய்தது என்ன? அவரவர் தாய்மொழியில் கேட்கச் செய்தார். விளங்காத பேச்சைப் பக்தி என்று அவர் அன்று ஏற்படுத்தவில்லை.

பல மொழிபெயர்ப்பு இருந்தால் எளிய விசுவாசி குழம்பிப்போவார் என்ற வாதமே இவற்றில் வலுவானது. அதற்குப் பதிலை ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே தேடலாம். ஆண்டாளும் பெரியாழ்வாரும் பிறந்த ஊர் இது. கோயிலில் ஓதுவது மாறாத பாசுரம். ஒரு எழுத்தும் மாறாது. ஆனால் பொருள் சொல்லும் இடத்தில் வைணவர்கள் ஒன்றோடு நின்றார்களா? திருவாய்மொழி ஒன்றுக்கே ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, பன்னீராயிரப்படி, இருபத்துநாலாயிரப்படி, ஈடு முப்பத்தாறாயிரப்படி என்று ஐந்து வியாக்கியானங்களைப் போற்றிக் காத்துவருகிறார்கள். ஒன்றில் இல்லாத நயம் இன்னொன்றில் இருக்கும். ஒரே அடிக்குப் பொருள் சொல்வதில் வேறுபாடும் இருக்கும். அதனால் எவருடைய பக்தியும் குலைந்ததாக யாரும் சொன்னதில்லை. ஓதுவதற்கு ஒன்று, ஆழ்வதற்குப் பல என்ற ஒழுங்கை அவர்கள் நூற்றாண்டுகளாக அனுபவித்து வருகிறார்கள்.

அவர்களுக்கு மூலமே தமிழில் இருக்கிறது, நமக்கு அப்படி இல்லையே என்று ஒருவர் மறுக்கலாம். உண்மைதான், என் வாதத்துக்கு வலு சேர்ப்பதும் அதுதான். மாறாத பாடம் என்று நாம் பிடித்துக்கொள்ளக்கூடியது எபிரெயத்திலும் கிரேக்கத்திலும் இருக்கிறது. தமிழில் நம் கைக்கு வருவது எதுவானாலும், அது பவருடையதானாலும் திண்டிவனத்தாருடையதானாலும், மூலத்துக்கு ஒருவகை வியாக்கியானம். மொழிபெயர்ப்பவர் ஒவ்வொரு வரியிலும் ஒரு பொருளைத் தேர்ந்து மற்றொன்றை விட வேண்டியிருக்கிறது. ஒரே மொழிபெயர்ப்பைப் படிக்கிறவருக்கு அங்கே ஒரு தேர்வு நடந்ததே தெரியாது. இரண்டைப் படிக்கிறவருக்கு, அவை வேறுபடும் இடத்தில் தெரிந்துவிடும். மூலத்தில் கடினமான இடம் இதுதான், நின்று கவனி என்று அந்த வேறுபாடு அடையாளம் காட்டுகிறது. குழப்பம் என்று பயப்படுகிறோமே, கிரேக்கம் தெரியாத நமக்கு மூலத்தின் அருகே போகக் கிடைத்த ஒரே நடைபாதை அந்தக் குழப்பம்தான்.

அச்சிடும் முறையும் நம்மைக் கட்டிப்போட்டிருக்கிறது. பழைய மொழிபெயர்ப்பில் ஒவ்வொரு வசனமும் தனி வரியில் தொடங்கும். அதனால் வேதம் என்பது தனித்தனி வசனங்களின் சேர்க்கை என்று பழகிவிட்டோம். அதிகாரங்கள் பதின்மூன்றாம் நூற்றாண்டில் பிரிக்கப்பட்டவை. புதிய ஏற்பாட்டின் இன்றைய வசன எண்கள் 1551இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகத்தார் போட்டவை. ஏசாயாவும் பவுலும் எண் போட்டு எழுதவில்லை. ஜனவரி முதல் தேதி சபையில் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டை இந்தப் பழக்கத்தின் உச்சம். எரேமியா 29:11 எத்தனை வீட்டுச் சுவர்களில் தொங்குகிறது! அதற்கு முந்தின வசனத்தில் எழுபது ஆண்டு சிறையிருப்பு இருக்கிறது என்பதும், அந்தக் கடிதம் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதப்பட்டது, கேட்டவர்களில் பலர் விடுதலையைக் காணாமலே சாகப் போகிறவர்கள் என்பதும் அட்டையில் இல்லை. பத்தி பத்தியாக, செய்யுளைச் செய்யுளாக அச்சிட்ட ஒரு பதிப்பில் அந்த அதிகாரத்தை முழுதாக வாசியுங்கள். அது ஒரு கடிதம் என்பது முதல் தடவையாகக் கண்ணில் படும். அதனால் வாக்குத்தத்தத்தின் ஆறுதல் குறைவதில்லை. பொறுமையோடு காத்திருக்கிறவனுக்கு உரிய ஆறுதலாக அது ஆழப்படுகிறது.

புதியதெல்லாம் நல்லது என்று நான் சொல்லவில்லை. மிக எளிய நடையில் வரும் பதிப்புகள், புரிய வைக்கும் ஆவலில், மூலத்தில் இரண்டு பொருளுக்கு இடமிருக்கும் வரியை ஒரே பொருளாகச் சுருக்கிவிடுகின்றன. புதிதாக எழுத்துக்கூட்டி வாசிக்கிறவருக்கு அவை உதவும்; உபதேசத்தை நிலைநாட்ட அவற்றை மட்டும் நம்பக்கூடாது. திருவிவிலியத்திலும் பழக வேண்டியவை உண்டு. யாத்திராகமம் அங்கே விடுதலைப் பயணம், சங்கீதங்கள் திருப்பாடல்கள், பிரசங்கி சபை உரையாளர். போதகர் சொல்லும் புத்தகத்தைத் தேடியெடுக்க முதலில் திண்டாட்டமாக இருக்கும். பழைய மொழிபெயர்ப்பின் ஓசை அதில் இல்லை என்பதும் மெய். இருபத்துமூன்றாம் சங்கீதத்தை மரணப்படுக்கையருகே சொல்ல வேண்டி வந்தால் நான் பழைய மொழிபெயர்ப்பையே சொல்வேன். நம் ஜெபங்களும் கீர்த்தனைகளும் அந்தச் சொற்களால் ஆனவை. அதைக் கைவிடச் சொல்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை.

தொடங்க விரும்புகிறவருக்கு வழி எளிது. பிலேமோனை எடுத்துக்கொள்ளுங்கள், இருபத்தைந்தே வசனம். முதலில் பழைய மொழிபெயர்ப்பில் வாய்விட்டு ஒருமுறை வாசியுங்கள். பிறகு திருவிவிலியத்திலோ வேறொரு இக்கால மொழிபெயர்ப்பிலோ அடிக்குறிப்புகளோடு வாசியுங்கள். இரண்டும் வேறுபடும் இடங்களில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். ஆங்கிலம் தெரிந்தவர் அங்கே ஆங்கிலத்தையும் பார்க்கலாம். தெலுங்கு எழுத்து தெரிந்தவர் வீட்டில் ஒரு தெலுங்கு வேதாகமம் இருந்தால் இன்னும் நல்லது. ஒத்தவாக்கியம் பார்க்கத் தெரிந்த மூத்தவர் ஒருவர் எல்லாச் சபையிலும் இருப்பார். கோடு போட்ட இடங்களை அவரிடம் கொண்டுபோய்க் கேளுங்கள். புத்தகம் வாங்க வசதியில்லாதவருக்குக் கைபேசியிலேயே இரண்டு மொழிபெயர்ப்பைப் பக்கத்துப் பக்கமாகத் திறந்துவைக்கும் செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

போதகர்களிடமும் உபதேசியார்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வசனத்தை நீக்கிவிட்டார்கள் என்று பீடத்திலிருந்து சொல்லுமுன், அந்தப் பக்கத்தின் அடிக்குறிப்பை ஒருமுறை சபையார் கேட்க வாசித்துக் காட்டுங்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைக் கேட்டுவிட்டு அவர்கள் தீர்மானிக்கட்டும். வாலிபர் கூட்டத்தில் இரண்டு மொழிபெயர்ப்புகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒதுக்கப்பட்ட பைபிளோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை எழுப்பி, அதிலிருந்தும் ஒரு பகுதியை வாசிக்கச் சொல்லுங்கள்.